பதினான்கா, பத்தா? ‘ஹெய்ல் டு த தீஃப்’ ஆல்பத்தின் வரிசை வழக்கு

2008-இல் ரேடியோஹெட் இசைக்குழுவின் பாடகர் தாம் யார்க் ஒரு பட்டியலை வெளியிட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் குழு கொண்டுவந்த ‘ஹெய்ல் டு த தீஃப்’ ஆல்பத்தின் பாட்டுகள்தான் அதில் இருந்தன. ஆனால் பதினான்கு பாட்டுகள் பத்தாகக் குறைந்திருந்தன. ஆல்பத்தைத் தொடங்கிவைத்த ‘2 + 2 = 5’ எட்டாம் இடத்துக்குப் போயிருந்தது. ஒன்பதாவதாக இருந்த ‘தேர் தேர்’ முதலிடத்துக்கு ஏறியிருந்தது. எட்டாவதாக இருந்த ‘த குளோமிங்’ அதற்கு அடுத்து நின்றது.

இசைக்குழுக்கள் தங்கள் பழைய ஆல்பங்களைக் குறைசொல்வது புதிதல்ல. ஒலிக்கலவை சரியில்லை, நிறுவனம் அவசரப்படுத்தியது, அப்போது எங்களுக்கு வயது போதாது என்றெல்லாம் சொல்வார்கள். இதை வேறு மாதிரி அடுக்கியிருக்க வேண்டும் என்று பாட்டுப் பாட்டாகக் கணக்குக் கொடுப்பவர்கள் அபூர்வம். யார்க் கொடுத்தார். ரசிகர்கள் அதற்கு முன்பே தங்கள் கணினியிலும் ஐபாடிலும் செய்துகொண்டிருந்த காரியத்துக்கு அது ஓர் அங்கீகாரமாகிவிட்டது.

வாதம் பெரும்பாலும் நீளத்தைப் பற்றியே நடக்கிறது. ஏறக்குறைய 56 நிமிடங்கள், பதினான்கு பாட்டுகள். இதில் எதை வெட்டலாம்? இந்தக் கேள்வி நியாயமானதுதான், ஆனால் விஷயத்தின் பாதியைத்தான் தொடுகிறது. ‘ஹெய்ல் டு த தீஃப்’புக்குள் இரண்டு ஆல்பங்கள் இருக்கின்றன. எந்தப் பாட்டு கதவைத் திறக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று முன்னே வருகிறது, மற்றது பின்னே போகிறது. வரிசையை மாற்றுகிற ரசிகர், அவர் அறிந்தோ அறியாமலோ, இந்த ஆல்பம் எதைப் பற்றியது என்பதற்குப் பதில் சொல்கிறார்.

ரேடியோஹெட் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட்ஷயரைச் சேர்ந்த ஐவர் குழு. 1997-இல் வந்த ‘ஓகே கம்ப்யூட்டர்’ அவர்களை உலகின் முதன்மையான ராக் குழுக்களில் ஒன்றாக்கியது. அடுத்து அவர்கள் கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு மின்னணு ஒலிகளின் பக்கம் திரும்பினார்கள். 1999 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கும் மேலாக பாரிஸ், கோபன்ஹேகன், ஆக்ஸ்ஃபர்ட் என்று ஊர் ஊராக ஸ்டுடியோக்களில் உட்கார்ந்து பதிவுசெய்ததிலிருந்து 2000-இல் ‘கிட் ஏ’வும் 2001-இல் ‘அம்னீஸியாக்’கும் பிறந்தன. அந்த நீண்ட பதிவுக்காலம் குழுவையே உடைத்துவிடும் அளவுக்குப் போனது. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எதற்குப் பின் எதை வைப்பது என்ற சண்டைகளும் அதில் அடக்கம்.

ஆகவே ஆறாவது ஆல்பத்தை வேகமாக முடித்துவிட வேண்டும் என்பதே அவர்களின் நோக்கமாக இருந்தது. 2002 கோடையில் போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் மேடையேறி, புதுப் பாட்டுகளைக் கூட்டத்தின் முன்னால் வாசித்துப் பார்த்தார்கள். செப்டம்பரில் தயாரிப்பாளர் நைஜல் காட்ரிச்சுடன் ஹாலிவுட்டின் ஓஷன் வே ஸ்டுடியோவுக்குப் போனார்கள். இரண்டு வாரம், சுமாராக ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. ‘2 + 2 = 5’ ஸ்டுடியோவின் கருவிகள் ஒழுங்காக வேலைசெய்கின்றனவா என்று பார்ப்பதற்காக வாசிக்கப்பட்டது; இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. அங்கே அவசரமாகச் செய்த கச்சாக் கலவைகள் பல அப்படியே இறுதி ஆல்பத்தில் இடம்பெற்றன. ‘தேர் தேர்’ மட்டும் பிடிகொடுக்கவில்லை. அதை ஆக்ஸ்ஃபர்ட்ஷயருக்குத் திரும்பி வந்து மறுபடி பதிவுசெய்தார்கள். காட்ரிச் அதன் கலவையைப் போட்டுக் காட்டியபோது தான் அழுதுவிட்டதாக யார்க் சொல்லியிருக்கிறார்.

இந்த வேகத்தின் பலனும் கேடும் வரிசையில் தெரிகின்றன. பாட்டுகளில் உயிர் இருக்கிறது. ஐந்து பேர் ஒரே அறையில் நின்று வாசிக்கும் சூடு இருக்கிறது. ஆனால் வெட்டுவதற்குத் தேவைப்படும் தூரம் இல்லை. கிட்டாரிஸ்ட் எட் ஓ’பிரையன் பின்னாளில், பத்துப் பாட்டுகளாகச் சுருக்கியிருந்தால் நல்ல ஆல்பமாக இருந்திருக்கும், ஓரிரு பாட்டுகளில் கேட்பவர்களை இழந்துவிட்டோம், மயக்கம் கலைந்துவிட்டது என்ற பொருளில் பேசினார். காட்ரிச்சும் பாட்டுகள் அதிகம் என்றார். ஆனால் அந்தக் கத்தரிக்காத தன்மையில் ஒரு வசீகரம் இருப்பதையும் ஒத்துக்கொண்டார். யார்க், வரிசை அடுக்கிய நேரத்தில் தாங்கள் நிலைகுலைந்து போயிருந்ததாகச் சொன்னார். இவை மூன்றும் ஒரே கருத்தல்ல. ஒருவர் நீளத்தைச் சொல்கிறார், இன்னொருவர் குறையையே குணமாகவும் பார்க்கிறார், மூன்றாமவர் அடுக்கைச் சொல்கிறார்.

2003 ஜூன் 9-இல் வெளிவந்த வட்டைப் போட்டால் முதலில் கேட்பது பாட்டல்ல. குழுவின் இன்னொரு கிட்டாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் தன் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் செருகும் சத்தம். பிறகு மெல்லிய கிட்டார், எந்திரத் தாளம், யார்க்கின் தாழ்ந்த குரல். இரண்டு நிமிடம் போல அடக்கிவைத்து, பிறகு பாட்டு வெடிக்கிறது. கிட்டாரை மறந்துபோன குழு மறுபடி கிட்டாரைக் கையில் எடுத்துவிட்டது என்று 2003-இன் ரசிகருக்குச் சொல்ல இதைவிட நேரான வழி கிடையாது. பாட்டின் பெயரோ ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலிலிருந்து வருகிறது: அரசு சொன்னால் இரண்டும் இரண்டும் ஐந்து. ஆல்பத்தின் பெயர் அமெரிக்க அதிபரை வரவேற்க வாசிக்கும் ‘ஹெய்ல் டு த சீஃப்’ என்ற மெட்டின் பெயரைத் திரித்தது. 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு ஜார்ஜ் புஷ்ஷை எதிர்த்தவர்கள் எழுப்பிய முழக்கம் அது. ஈராக் போர் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகாத நேரம். இந்தப் பெயரும் இந்த முதல் பாட்டும் சேர்ந்தபோது ஆல்பத்துக்கு ஒரே ஒரு முகம்தான் மிஞ்சியது: அரசியல் எதிர்ப்பு.

அது மட்டுமே அல்ல என்று யார்க் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார். வட்டின் அட்டையிலேயே அதற்குச் சான்று உண்டு. விக்டோரியா காலத்து நாடக விளம்பரங்களின் பாணியில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டாவது பெயர் ஒன்று கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆல்பத்துக்கும் அப்படி ஒரு மாற்றுப்பெயர் உண்டு: ‘த குளோமிங்’, அதாவது அந்திக்கருக்கல். ஆல்பத்துக்கே அந்தப் பெயரை வைக்கலாமா என்றும் யோசனை இருந்தது. யார்க் அப்போது சின்னக் குழந்தைக்குத் தகப்பன். வானொலிச் செய்திகளில் காதில் விழுந்த சொற்றொடர்களை எழுதிவைத்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது, பிள்ளையை எங்கே ஒளித்துவைப்பது என்ற பயம்தான் பல பாட்டுகளின் அடியில் ஓடுகிறது. காடு, ஓநாய், நிலவு, வானம் இடிந்து விழுவது, வெள்ளத்துக்குத் தப்பும் பேழை என்று குழந்தைக் கதைகளின் சாமான்களாகவே வருகின்றன. ‘தேர் தேர்’ பாட்டின் மாற்றுப்பெயர் ‘பேக்பஸ்’ என்ற பழைய பிரிட்டிஷ் குழந்தைத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து எடுத்தது. அதற்கு கிறிஸ் ஹோப்வெல் எடுத்த வீடியோவில் யார்க் காட்டுக்குள் திருடப் போய் மரமாகிவிடுகிறார்.

இப்போது 2008-ஆம் ஆண்டுப் பட்டியலைப் பாருங்கள். ‘தேர் தேர்’ முதலில், ‘த குளோமிங்’ இரண்டாவது. ‘செயில் டு த மூன்’ மூன்றாவது. அது மகனுக்காக யார்க் எழுதியது. காடு, அந்தி, குழந்தை. பிறகு ‘சிட் டவுன், ஸ்டாண்ட் அப்’, ‘கோ டு ஸ்லீப்’, ‘வேர் ஐ எண்ட் அண்ட் யூ பிகின்’, ‘ஸ்கேட்டர்பிரைன்’. எட்டாவதாகத்தான் ‘2 + 2 = 5’. அடுத்து ‘மிக்ஸமடோசிஸ்’, கடைசியில் ‘எ வுல்ஃப் அட் த டோர்’. உன்னிப்பாகப் பார்த்தால் மூன்று, ஐந்து, ஆறு ஆகிய இடங்கள் 2003-இல் இருந்தபடியே இருக்கின்றன. கலைத்துப்போட்ட பட்டியல் போலத் தெரிவது உண்மையில் முகப்பை மாற்றிய பட்டியல். தலைப்பில் இருந்த ஆல்பத்தை உள்ளே தள்ளி, மாற்றுப்பெயரில் இருந்த ஆல்பத்தை வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

முகப்பு மாறினால் ஆல்பமே மாறிவிடுமா என்ற சந்தேகம் எழலாம். மாறும் என்பதற்கு ராக் இசையின் மிகப் பெரிய சான்று பீட்டில்ஸ். 1960-களில் அவர்களின் ஆல்பங்களை அமெரிக்காவில் விற்ற கேப்பிட்டல் நிறுவனம் பிரிட்டிஷ் வரிசையை மதிக்கவில்லை. பதினான்கு பாட்டுகளில் சிலவற்றை உருவி, வேறு இடத்தில் சேர்த்து, கூடுதலாக ஓர் ஆல்பத்தை உண்டாக்கி விற்றது. 1965 டிசம்பரில் வந்த ‘ரப்பர் சோல்’ இங்கிலாந்தில் ‘டிரைவ் மை கார்’ என்ற துள்ளலான, கறுப்பின சோல் இசையின் சாயல் கொண்ட பாட்டுடன் தொடங்குகிறது. அமெரிக்க வட்டில் அதைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பதிலாக, முந்தைய ‘ஹெல்ப்’ ஆல்பத்திலிருந்து ‘ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்’ என்ற அக்கூஸ்டிக் கிட்டார் பாட்டை முதலில் வைத்தார்கள். இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்துக்கும் ‘ஹெல்ப்’பிலிருந்தே ஒரு பாட்டு. இரண்டே இரண்டு பாட்டுகள், ஆனால் இரண்டும் வாசற்படியில். அமெரிக்கர்களுக்கு ‘ரப்பர் சோல்’ ஓர் இதமான நாட்டார் இசை ஆல்பமாகக் கேட்டது.

இது வெறும் வேடிக்கைத் தகவல் அல்ல. பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் கேட்டது இந்த அமெரிக்க வட்டைத்தான். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மனநிலையில் நிற்கும் ஆல்பம் என்று அவர் அதைக் கொண்டாடினார். அந்த உந்துதலில் 1966 மே மாதம் ‘பெட் சவுண்ட்ஸ்’ வந்தது. அதைக் கேட்டு அசந்துபோன பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி, 1967-இன் ‘சார்ஜென்ட் பெப்பர்ஸ்’ ஆல்பத்துக்கு அது தூண்டுதலாக இருந்ததைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒரு நிறுவனத்தின் வியாபாரக் கத்தரிப்பு இத்தனை தூரம் போயிருக்கிறது. பீட்டில்ஸ் அடுக்காத ஒரு வரிசை பீட்டில்ஸுக்கே திரும்பிவந்து சேர்ந்தது.

‘ரப்பர் சோல்’ வந்ததற்கு அடுத்த ஆண்டின் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு நேர்ந்தது அநியாயம். பிரிட்டிஷ் வட்டில் பதினான்கு. அமெரிக்க வட்டில் பதினொன்று. உருவிய மூன்றும் ஜான் லெனன் முன்னின்று பாடியவை. இங்கிலாந்தில் லெனனின் குரல் ஐந்து பாட்டுகளில் முன்னே நின்றது. அமெரிக்காவில் இரண்டே பாட்டுகள், ஒவ்வொரு பக்கத்தின் கடைசியிலும் ஒன்று. 1987-இல் சிடி வடிவம் பிரிட்டிஷ் வரிசையை உலகப் பொதுவாக்கும் வரை, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு தேசமே லெனன் ஒதுங்கிப்போன ‘ரிவால்வர்’ ஒன்றைக் கேட்டு வளர்ந்தது. பீட்டில்ஸின் தலைசிறந்த ஆல்பம் எது என்ற வாதத்தில் ‘ரிவால்வர்’ பிற்காலத்தில் மேலே ஏறியதற்கு இந்தச் சீரமைப்பும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

வரிசையை முதலில் தீர்மானித்தது கலை மட்டுமல்ல, பிளாஸ்டிக்கும்தான். 1948-இல் கொலம்பியா நிறுவனம் அறிமுகப்படுத்திய எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை வைத்தால் ஒலி நன்றாக இருக்கும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க ஊசிக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைந்து ஒலி மங்கும். அதனால் சத்தமான பாட்டுகளை வெளிவிளிம்பிலும் அமைதியானவற்றைப் பக்கத்தின் கடைசியிலும் வைப்பது வழக்கமானது. தட்டைத் திருப்பிப் போடும் இடைவேளைக்குப் பிறகு இரண்டாம் தொடக்கம் ஒன்று தேவைப்பட்டது. 1982-இல் வந்த சிடி இந்த இரண்டையும் ஒழித்தது. 74 நிமிடம் வரை இடம். நடுவில் நிறுத்தம் இல்லை. இடம் இருக்கிறதே என்று நிரப்பிய ஆல்பங்கள் 1990-களில் ஏராளம். ‘ஹெய்ல் டு த தீஃப்’ அந்தக் காலத்தின் கடைசிப் பிள்ளைகளில் ஒன்று. அது வருவதற்கு ஆறு வாரம் முன்புதான், 2003 ஏப்ரல் 28-இல், ஆப்பிள் நிறுவனம் பாட்டுகளைத் தனித்தனியாக 99 சென்ட்டுக்கு விற்கும் கடையைத் திறந்தது. இந்த ஆல்பமோ அதற்கும் முன்பே, மார்ச் கடைசியில், முழுமையாகக் கலவை செய்யப்படாத நிலையில் கசிந்து ரசிகர்களின் கணினிகளுக்குப் போய்விட்டது. பலருக்கு அது வட்டாக வரவில்லை, கோப்புகளாக வந்தது. கோப்பை இழுத்து மேலே கீழே வைக்கலாம்.

யார்க்கின் பத்தை நிமிடக் கணக்கில் பார்த்தால் ஒரு ரகசியம் வெளிப்படுகிறது. விட்ட நான்கு பாட்டுகளும் சேர்ந்து சுமார் 17 நிமிடம், மிஞ்சுவது 39. முதல் ஐந்து பாட்டுகள் ஏறக்குறைய 21 நிமிடம், அடுத்த ஐந்து 18 நிமிடத்துக்குச் சற்று மேல். அச்சில் வார்த்ததுபோல ஓர் எல்பியின் இரண்டு பக்கங்கள். இரண்டாம் பக்கத்தைத் தொடங்குவது ‘வேர் ஐ எண்ட் அண்ட் யூ பிகின்’. காலின் கிரீன்வுட்டின் பாஸ் கிட்டார் இழுத்துக்கொண்டு ஓடும் அந்தப் பாட்டு இடைவேளைக்குப் பிந்திய தொடக்கத்துக்கென்றே செய்தது போலிருக்கிறது. சிடி யுகத்தின் ஆல்பத்தை யார்க் எல்பியின் அளவுக்குத் திருத்தியிருக்கிறார்.

அந்தத் திருத்தத்தில் எது லாபம், எது நஷ்டம்?

லாபம் நடுப்பகுதியில். மூல வரிசையில் ஆறாவது பாட்டு முடியும்போது 25 நிமிடம் ஆகியிருக்கும். அங்கே ‘வீ சக் யங் ப்ளட்’ வருகிறது. மெதுவான பியானோ, இடறிவிழுகிற மாதிரி கைதட்டல், நடுவில் சில நொடி ஜாஸ் கலவரம், மறுபடி அதே ஊர்தல், ஐந்து நிமிடம். இளமையை உறிஞ்சிக் குடிக்கும் ஹாலிவுட்டைப் பற்றிய பாட்டு என்ற வகையில் அதன் அழுகல் வாடை வேண்டுமென்றே செய்ததுதான். ஆனால் அதைத் தொடர்ந்து ‘த குளோமிங்’ வருகிறது: ஒலிநாடாத் துண்டுகளைச் சுழலவிட்டுச் செய்த, டிரம்ஸும் கிட்டாரும் இல்லாத பாட்டு. இரண்டும் சேர்ந்து எட்டரை நிமிடம் ஆல்பத்துக்குக் கால் இல்லை. ரசிகர்களின் திருத்தங்களில் திரும்பத் திரும்ப வெட்டுப்படுவது இந்த இடம்தான். ஓ’பிரையன் மயக்கம் கலைந்ததென்று எந்தப் பாட்டுகளை நினைத்துச் சொன்னாரோ, கேட்பவர்களின் காது இங்கேதான் கை காட்டுகிறது.

ஆனாலும் இந்த வறட்சிக்குப் பின்னால் 33 நிமிடம் தாண்டியதும் ‘தேர் தேர்’ வருகிறது. ஒருவருக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து அடிக்கும் டாம் டிரம்ஸ், அதன்மேல் மெல்ல ஏறும் கிட்டார். மேடையில் ஓ’பிரையனும் ஜானி கிரீன்வுட்டும் கிட்டாரை இறக்கிவைத்துவிட்டு டிரம்ஸ் முன் நிற்பார்கள். எட்டரை நிமிடம் தாளத்துக்காக ஏங்கிய காதில் அது மழையாக இறங்குகிறது. முதல் பாட்டாக வைத்தால் அது அழகான தொடக்கம். ஒன்பதாவதாக வரும்போது அது விடுதலை. யார்க்கின் வரிசை இந்த விடுதலையை விற்று அந்த அழகை வாங்கியது. ‘வீ சக் யங் ப்ளட்’டை மட்டும் எடுத்துவிட்டு, ‘த குளோமிங்’கை ‘தேர் தேர்’ பாட்டுக்கு முன்னால் இருந்த இடத்திலேயே விடும் ரசிகர்கள் இங்கே பாடகரைவிடக் கூர்மையாகக் கேட்டிருக்கிறார்கள். மூன்றரை நிமிட இருட்டு போதும், எட்டரை தேவையில்லை.

நஷ்டங்களில் பெரியது ‘ஐ வில்’. இரண்டு நிமிடம் நிரம்பாத பாட்டு. கிட்டாரின் மேல் யார்க்கின் குரலே பல அடுக்காக நிற்கிறது. 1991 வளைகுடாப் போரில் பாக்தாத்தின் அமிரியா பதுங்கிடத்தின் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு வீசியதில் நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். அந்தக் காட்சிகள் தன்னை விடாமல் துரத்தியதிலிருந்து யார்க் எழுதியது இது. குழு பல ஆண்டுகள் இதோடு மல்லுக்கட்டியது. ஒரு முயற்சியின் நாடாவைத் தலைகீழாக ஓடவிட்டதிலிருந்து ‘அம்னீஸியாக்’கின் ‘லைக் ஸ்பின்னிங் பிளேட்ஸ்’ பிறந்தது. அரசியல் கோபமும் பிள்ளையைக் காக்கும் தகப்பனின் பயமும் ஒரே பாட்டில் கலப்பது இந்த ஆல்பத்தில் இங்கேதான். இரண்டு ஆல்பங்களையும் தைக்கிற தையல் இது. 17 நிமிடத்தை மிச்சப்படுத்தும்போது இந்த இரண்டு நிமிடத்தையும் சேர்த்து வெட்டியதை ஏற்க முடியவில்லை. ‘தேர் தேர்’ தன் முழு இரைச்சலோடு முடிந்ததும் வெறும் குரலாக ‘ஐ வில்’ தொடங்கும் அந்த இணைப்பு, 2003 வரிசையின் மிகச் சிறந்த முடிவு.

இன்னொரு நஷ்டம் கிட்டாரைச் செருகும் அந்தச் சத்தம். எட்டாவது பாட்டின் தொடக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. முடியப்போகிற ஆல்பம் மறுபடி ஆரம்பிப்பது போலக் கேட்கிறது. கடைசி மூன்றும் ‘2 + 2 = 5’, ‘மிக்ஸமடோசிஸ்’, ‘எ வுல்ஃப் அட் த டோர்’ என்று தொடர்ச்சியாகக் கத்துகின்றன. மூலத்தில் ‘மிக்ஸமடோசிஸ்’ பாட்டின் கரகரத்த சின்தசைசருக்கும் இறுதிப் பாட்டுக்கும் நடுவில் ‘ஸ்கேட்டர்பிரைன்’ என்ற அமைதி இருந்தது. அந்த மூச்சுக்குப் பிறகு வந்ததால்தான் ஓநாய் பயமுறுத்தியது. ‘எ வுல்ஃப் அட் த டோர்’ பாட்டுக்கு ஜானி கிரீன்வுட் போட்ட மெட்டு தாலாட்டு போல ஆடுகிறது; அதன்மேல் யார்க் பாடாமல் மூச்சுவிடாமல் பேசுகிறார். மிரட்டல்கள், கடத்தப்பட்ட பிள்ளைகள், பணம் கேட்கும் குரல். பத்தானாலும் பன்னிரண்டானாலும் பதினான்கானாலும் இதைக் கடைசியிலிருந்து நகர்த்தத் துணிபவர்கள் குறைவு.

வரிசைக்கு வெளியே இருந்து ஆள் கொண்டுவருபவர்களும் உண்டு. ‘கோ டு ஸ்லீப்’ சிங்கிளோடு வந்த ‘கேகிங் ஆர்டர்’ ஒரு தனிக் கிட்டார் பாட்டு. ஆல்பத்தில் இருக்கும் சில பாட்டுகளைவிட மேலானது என்று அதற்குப் பெரிய ஆதரவாளர் கூட்டமே இருக்கிறது. பாட்டு நல்லதுதான். ஆனால் அந்தப் பாட்டின் அடக்கம் ‘செயில் டு த மூன்’, ‘ஐ வில்’, ‘ஸ்கேட்டர்பிரைன்’ ஆகியவற்றின் அடக்கத்தோடு மோதும். நல்ல பாட்டுகளையெல்லாம் சேர்ப்பதால் நல்ல ஆல்பம் வராது என்பதை இந்தக் குழு 1997-லிருந்தே அறிந்திருந்தது. ‘ஓகே கம்ப்யூட்டர்’ முடிந்தபோது யார்க் மினிடிஸ்க் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, நாள்தோறும் பாட்டுகளை வெவ்வேறு வரிசையில் மாற்றிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ரசிகர்கள் வரிசை அடுக்கி அது அதிகாரபூர்வமாக மாறிய கதையும் ராக் வரலாற்றில் இருக்கிறது. பிரையன் வில்சன் ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்துக்கு அடுத்து 1966-67-இல் ‘ஸ்மைல்’ ஆல்பத்தைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து, முடிக்காமல் கைவிட்டார். திருட்டு நாடாக்களிலும், 1993-இல் வெளிவந்த தொகுப்புப் பெட்டியின் அரைமணி நேரத் துண்டுகளிலும் இருந்ததை வைத்து ஒரு தலைமுறை ரசிகர்கள் தங்களுக்கான ‘ஸ்மைல்’களை அடுக்கினார்கள். அப்படி அதில் ஊறிய இசைக்கலைஞர் டேரியன் சஹனாஜா, பின்னர் வில்சனின் மேடைக் குழுவில் சேர்ந்தார். அவர் அந்தத் துண்டுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுக்க, வில்சன் 2004-இல் ஆல்பத்தைப் புதிதாகப் பதிவுசெய்து முடித்தார். 2011-இல் பீச் பாய்ஸின் மூலப் பதிவுகள் வெளிவந்தபோது அந்த 2004 வரிசையே வழிகாட்டியானது. ரேடியோஹெட் ரசிகர்களின் நிலை வேறு. அவர்கள் கையில் இருப்பது முடிந்துபோன ஆல்பம்; அவர்கள் எழுதுவது திறனாய்வு.

ரேடியோஹெட் குழு தன் பாடத்தை 2007-இல் எழுதிக் காட்டியது. கேட்பவர் விரும்பிய விலை கொடுக்கலாம் என்ற அறிவிப்போடு அக்டோபர் 10-இல் வந்த ‘இன் ரெயின்போஸ்’ பத்தே பாட்டுகள், 42 நிமிடம். மிஞ்சிய எட்டுப் பாட்டுகள் பெட்டிப் பதிப்பின் இரண்டாம் வட்டுக்குப் போயின. அவற்றில் எதையும் முதல் வட்டில் திணிக்கும் ஆசையை அடக்கிவிட்டார்கள். யார்க்கின் 2008 பட்டியல் இதற்கு மறு ஆண்டு வந்தது என்பதை மறக்கக் கூடாது. பத்துப் பாட்டு ஆல்பத்தின் வெற்றியை ருசித்த கண்ணோடுதான் பழைய ஆல்பத்தைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

2025-இல் வழக்கு மறுபடி விசாரணைக்கு வந்தது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியும் மான்செஸ்டரின் ஃபேக்டரி இன்டர்நேஷனலும் சேர்ந்து ‘ஹேம்லெட் ஹெய்ல் டு த தீஃப்’ என்ற நாடகத்தை மேடையேற்றின. ஆட்சியைத் திருடிய சித்தப்பன், ஆவியாக வரும் தகப்பன், என்ன செய்வதென்று தெரியாத மகன். ஆல்பத்தின் பாட்டுகளை யார்க் இந்த நாடகத்துக்காகப் பிரித்து, மேடையில் வாசிக்கும்படி திருத்திக் கொடுத்தார். இங்கே ஆல்பத்தின் வரிசைக்கு இடமே இல்லை. காட்சி கேட்கும்போது பாட்டின் ஒரு கீற்று வரும், போகும். அப்படித் துண்டாக்கியும் பாட்டுகள் தாங்கின. திருடனும் தகப்பனும் ஒரே கதையில் இருக்க முடியும் என்பதை ஷேக்ஸ்பியர் ஏற்கெனவே நிரூபித்திருந்ததால், ஆல்பத்தின் இரண்டு முகங்களும் அங்கே ஒன்றையொன்று தள்ளிவிடவில்லை.

நாடகத்துக்காகப் பழைய மேடைப் பதிவுகளைக் கேட்ட யார்க், குழு வாசித்த வேகத்தில் அசந்துபோனார். அதன் விளைவாக 2025 ஆகஸ்டில் ‘ஹெய்ல் டு த தீஃப்: லைவ் ரெக்கார்டிங்ஸ் 2003–2009’ வெளிவந்தது. லண்டன், ஆம்ஸ்டர்டாம், டப்ளின், புவனோஸ் அய்ரஸ் நகரங்களில் பதிவான பன்னிரண்டு பாட்டுகள். வரிசை 2008-இனுடையது அல்ல. ‘2 + 2 = 5’ மறுபடி முதலிடத்தில்; ‘தேர் தேர்’ முடிந்ததும் ‘ஐ வில்’. ‘வீ சக் யங் ப்ளட்’கூட தன் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டது, மேடையில் கூட்டத்தின் முன் அந்தத் தள்ளாட்டம் ஸ்டுடியோவில் இருந்ததைவிடப் பொருந்துகிறது. 2003-இன் அடுக்கில் விடுபட்டவை இரண்டுதான்: ‘பேக்ட்ரிஃப்ட்ஸ்’, ‘எ பஞ்ச்அப் அட் எ வெட்டிங்’.

இவற்றில் இரண்டாவதான பாட்டு, 2001 ஜூலையில் ஆக்ஸ்ஃபர்டின் சவுத் பார்க்கில் குழு சொந்த ஊர் ரசிகர்களுக்கு நடத்திய கச்சேரியை ஒரு விமர்சகர் மட்டம்தட்டி எழுதியதில் வந்த கோபம். பியானோவும் பாஸும் சேர்ந்து நடக்கும் நடையில் அதற்கு ஒரு ஈர்ப்பு உண்டு, ஆனால் குண்டுவீச்சில் இறந்த குழந்தைகளைப் பற்றிய பாட்டுக்கு அடுத்தபடியாக ஒரு விமர்சனத்தின் மீதான எரிச்சல் வருவது 2003-லேயே தவறாக இருந்தது. ‘பேக்ட்ரிஃப்ட்ஸ்’ நான்காம் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்று, ‘செயில் டு த மூன்’ விட்டுச்சென்ற மிதப்பைக் கரைத்தது. இவை இரண்டும் போனால் 46 நிமிடம். ‘வீ சக் யங் ப்ளட்’டும் போனால் 41. அந்தப் பதினொரு பாட்டு வடிவத்தை இதுவரை குழு வெளியிடவில்லை. 2003-இன் வட்டும் ஒரு பட்டியலும் கையில் இருப்பவர் யாரும் அதை இன்றைக்கே கேட்டுப் பார்க்கலாம்.